நீர்வள மேலாண்மை ஆய்வாளர் சிங்கப்பூரில் என்னதான் செய்கிறார்? அந்த வேலையில் மின்சாரத்துக்கு என்ன சம்பந்தம்?

இதே கேள்வியை அம்மா என்னிடம் வேறு மாதிரி கேட்டார்: "ஏன்டா, காவிரிக் கரையில் பிறந்துவிட்டு, ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத ஊரில் போய் நீர்வள ஆய்வா?" தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் காலைச் செய்தித்தாளைப் பிரித்தால் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். அங்கே தண்ணீரை அடியிலும் டி.எம்.சி.யிலும் எண்ணினோம். இங்கே எட்டு வருடமாக நான் அதை யூனிட்டில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆம், மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான்.

நீர்த்தேக்கத்தில் சேரும் மழைநீர் ஆயிரம் லிட்டரைக் குடிநீராக்கச் சுமார் 0.2 யூனிட் போதும். கழிவுநீரிலிருந்து எடுக்கும் நியூவாட்டருக்கு ஏறத்தாழ 1 யூனிட். கடல்நீருக்கு 3.5. வீட்டுக் குழாயில் எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் விழும். ஆனால் எது எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மின்செலவு பதினேழு மடங்குவரை மாறும்.

கடல்நீர் ஏன் இவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது? மாங்காயை நறுக்கி உப்பைப் போட்டு வைத்தால், மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கும் அல்லவா? தண்ணீர் தானாகவே உப்பு அதிகமுள்ள பக்கம் போகும். நாங்கள் செய்வது அந்த ஊறுகாயைத் தலைகீழாகப் போடும் வேலை: உப்பு இருக்கும் பக்கத்திலிருந்து சவ்வு வழியாகத் தண்ணீரை இந்தப் பக்கம் தள்ள வேண்டும். அதற்கு 55 முதல் 70 பார் அழுத்தம், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல் முப்பது மடங்கு, தேவைப்படுகிறது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான சவ்வைச் செய்தாலும், எடுத்த கடல்நீரில் பாதியைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 1 யூனிட்டுக்குக் கீழே போக இயற்கை விடாது. இங்கே தண்ணீரைக் கவனிக்கும் அரசு அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இலக்கு 2 யூனிட். இந்த இடைவெளியில்தான் எங்களில் பலருக்குச் சம்பளம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலிருந்து தண்ணீர் வாங்கும் 1962 ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்கலாம் என்று கடலிடம் போனால், ஆலையை ஓட்ட மின்சாரம் வேண்டும். இங்கே மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இறக்குமதி செய்த எரிவாயுவில் வருகிறது. தண்ணீர்க் குழாயை விட்டு எரிவாயுக் குழாயைப் பிடித்த கதை. இங்குள்ள தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் 1,22,000 சூரியத் தகடுகள் மிதக்கின்றன. பார்க்க அழகு. ஆனால் அந்த மின்சாரம் உள்ளூர் மழைநீரைச் சுத்திகரிக்கும் ஆலைகளுக்கு ஈடுகட்டுமே தவிர, கடலுக்கு எட்டாது.

என் வேலை, எந்த மாதத்தில் எந்த மூலத்திலிருந்து எவ்வளவு எடுத்தால் மின்செலவு குறையும் என்று கணினியில் கணக்குப் போடுவது. முதல் ஆண்டு சராசரி மழையளவை வைத்துக் கணக்கை முடித்து, பெருமையாகக் காட்டினேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "2016-ஐப் போட்டுப் பார்த்தீர்களா?" அந்த அக்டோபரில் ஜோகூரின் லிங்கியு நீர்த்தேக்கம் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. போட்டுப் பார்த்தேன், இரண்டு மாத உழைப்பு கவிழ்ந்தது. வறட்சியில் மலிவான தண்ணீர் குறையும், கடல்நீர் ஆலைகள் முழுவேகத்தில் ஓடும், அதே வெயிலில் ஊரே ஏர்கானையும் போடும். சராசரி மழையில் இது எதுவும் தெரியாது. நீங்கள் இந்தத் துறைக்கு வர நினைத்தால் நீரியலோடு மின்சாரச் சந்தையையும் படித்துவிட்டு வாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஆயிரம் லிட்டர் குழாய்த் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்கு 12 டிகிரி ஏற்ற 14 யூனிட் ஆகும். கடலைக் குடிநீராக்குவதைப்போல் நான்கு மடங்கு! போன வருடம் அம்மா இங்கே வந்திருந்தபோது இந்தக் கணக்கைச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். ஹீட்டர் போடுகிறவன் நான்தான்.