பால் குடித்தும் எலும்பு அடர்த்தி குறைவது ஏன்?

கேள்வி: என் வயது 56. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் இரண்டு டம்ளர் பால் குடித்தும் பரிசோதனையில் எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்துள்ளது. பாலின் கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உடலில் சேரும் என்கிறார்கள். பாலை விட்டுக் கீரைக்கு மாறலாமா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் அதற்காகப் பாலை விட வேண்டாம். 200 மில்லி பசும்பாலில் உள்ள ஏறக்குறைய 240 மில்லிகிராம் கால்சியத்தில் 70 முதல் 80 மில்லிகிராம் வரையே குடலிலிருந்து இரத்தத்தில் சேரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் பரிந்துரைப்பது, உண்பது முழுவதும் உடலில் சேராது என்பதையும் கணக்கில் கொண்டுதான். உங்கள் இரண்டு டம்ளரில் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை என்பதையே நீங்கள் கவனிக்க வேண்டும்.

பாலக்கீரையிலும் கால்சியம் உண்டு. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், சுமார் 5 சதவீதமே உடலுக்குக் கிடைக்கிறது. கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் பாலுக்குப் பதிலாக வேண்டாம். தயிரிலுள்ள கால்சியமும் பாலில் உள்ளதைப் போலவே உடலில் சேரும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்குத் தயிரே நல்லது. நெய்யிலும் வெண்ணெயிலும் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம்.

ஒரே வேளையில் அதிகம் உட்கொண்டால் உடலில் சேரும் விகிதம் குறையும் என்பதால், காலையில் பால், மதியம் தயிர், இரவில் பால் என்று பிரித்துக்கொள்வது பயன் தரும். ஊறவைத்து முளைகட்டிய கேழ்வரகையும் எள்ளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம்விட நான் முக்கியமாகக் கருதுவது வைட்டமின் டி. குடற்சுவர் கால்சியத்தை உள்ளே எடுத்துச் செல்லத் தேவையான புரதங்களை உருவாக்குவதற்கு அந்த வைட்டமின் வேண்டும். அது குறைந்தால் எவ்வளவு பால் குடித்தாலும் பெரும்பகுதி வீணாகவே வெளியேறும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் குடல் கால்சியத்தை ஏற்பதும் குறைகிறது, எலும்பு கரைவதும் கூடுகிறது. ஆகவே இந்த அடர்த்திக் குறைவுக்கு உங்கள் உணவுப் பழக்கத்தை மட்டும் காரணமாக நினைத்து வருந்தாதீர்கள்.

இரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்துவிட்டு, முடிவுடன் உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள்; எலும்புக்கென்று தனி மருந்து தேவையா என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கால்சியம் மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவராக இருந்தால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை உட்கொள்பவராக இருந்தால், அதற்கும் கால்சியம் மாத்திரைக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.