நட்சத்திர வரைபடம்: எதை வாங்குவது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்கு 90 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மொட்டை மாடியில் கைபேசி வெளிச்சம் கண்ணைக் கூச வைப்பதால், அச்சிட்ட நட்சத்திர வரைபட நூலும் நிலா வரைபடமும் வாங்க விரும்புகிறோம். வாங்குவதுதான் வாங்குகிறோம், இருப்பதிலேயே பெரிய நூலாக வாங்கிவிடலாமா?

வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பெரிய நூல் இப்போது வேண்டாம். நட்சத்திரங்களின் ஒளித்தர அளவையில் எண் கூடக் கூட ஒளி குறையும். நல்ல இருளுள்ள கிராமத்து வானில் வெறுங்கண்ணுக்கு 6 வரை தெரியும். 'யுரனோமெட்ரியா 2000.0' என்ற பெரிய வரைபட நூல் 9.75 வரை 2,80,000 நட்சத்திரங்களைப் புள்ளியிடுகிறது. தெருவிளக்குகளுக்கு நடுவே அல்சூர் மாடியில் நிற்கும் குழந்தைக்கு அந்தப் புள்ளிக் கூட்டத்தில் எது எதுவென்றே புரியாது. 7.6 வரை மட்டும் 80 படங்களில் சுமார் 30,000 நட்சத்திரங்களைக் காட்டும் 'பாக்கெட் ஸ்கை அட்லஸ்' உங்கள் தொலைநோக்கியின் மேலிருக்கும் சிறு தேடுகுழாயில் தெரிவதோடு ஏறத்தாழப் பொருந்தும். சுருள்கம்பியால் கட்டப்பட்டிருப்பதால் மேசையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாது.

இதனுடன், நாளையும் நேரத்தையும் பொருத்திச் சுழற்றினால் அப்போதைய வானைக் காட்டும் சுழல் வட்டு ஒன்றும் வாங்குவதானால், 40 அல்லது 50 பாகை வட அகலாங்குக்குச் செய்தது கூடாது. பெங்களூரு 13 பாகையில் இருப்பதால், பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணியளவில் அகத்திய நட்சத்திரம் நமக்குத் தெற்கே 24 பாகை உயரத்தில் நிற்கும்; அந்த வட்டுகளில் அதற்கு இடமே இராது. பழைய புத்தகக் கடையில் 1950ஆம் ஆண்டு நிலைகளைக் கொண்ட நூல் கிடைத்தால் கண்ணால் பார்த்துப் பழக அது போதும், ஆனால் புவி அச்சின் மெல்லிய சுழற்சியால் நட்சத்திர நிலைகள் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலா அகலம், நகர்ந்துவிடுவதால், எண்களைக் கொண்டு கருவியைத் திருப்புவதற்கு அது உதவாது.

நிலா வரைபடத்தில்தான் அதிகக் கவனம் தேவை, ஏனெனில் நகர வெளிச்சம் கெடுக்காத வான்பொருள் நிலா. உங்கள் மகள் அதிகம் பார்க்கப்போவதும் அதைத்தான். லென்ஸ் தொலைநோக்கியில் கழுத்து வலிக்காமல் பார்ப்பதற்காகப் பொருத்தும் 90 பாகைக் கண்ணாடி, பிம்பத்தை மேல் கீழாக அல்லாமல் இடம் வலமாக மாற்றிவிடும். சாதாரண வரைபடத்தில் வலப்பக்க மேல் ஓரத்தில் இருக்கும் மாரே கிரிசியம் என்ற கருந்திட்டு, கண்வில்லையில் இடப்பக்கம் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் இது சரியாகாது. அன்டோனின் ரூக்ல் வரைந்த நிலா வரைபடம் கண்ணாடிப் பிம்பப் பதிப்பாகவும் வெளியாகியிருக்கிறது. உங்களுக்குத் தேவை அதுவே. ஆடி வகைத் தொலைநோக்கியில் பிம்பம் இடம் வலம் மாறாமல் தலைகீழாக மட்டுமே தெரிவதால், அதை வைத்திருப்பவர்கள் சாதாரணப் பதிப்பையே தலைகீழாகப் பிடித்துக்கொள்ளலாம்.

படத்தைப் பிரித்ததும் ஒளியும் இருளும் சந்திக்கும் கோடு அன்று எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வளர்பிறை நவமியை ஒட்டி, 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளத்தின் விளிம்பில் வெயில் ஏறியிருக்க, உள்ளே மை ஊற்றியது போல் நிழல் நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. பௌர்ணமியன்று நிழல்கள் மறைவதால் அதே பள்ளம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

பனி இறங்கும் டிசம்பர் இரவுகளில் காகிதம் ஊறிப்போகும் என்பதால் பிளாஸ்டிக் உறையிட்ட படம் நல்லது. விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றுவீர்களானால், சிவப்பு மையில் அச்சான குறிகள் அந்த ஒளியில் மறைந்துபோகும். வாங்குமுன் ஒரு பக்கத்தை அப்படி வைத்துப் பார்த்துவிடுங்கள்.