ராக்கி மார்சியானோவை நம்பும்படி தோற்கடிப்பது எப்படி?

கேள்வி: கற்பனை வரலாறாக ஒரு தொடர்கதை எழுதி வருகிறேன். அதில் குத்துச்சண்டை ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ 1956-ல் ஓய்வு பெறவில்லை, தொடர்ந்து சண்டை போடுகிறார். எங்கோ ஓரிடத்தில் அவர் தோற்க வேண்டும். சோனி லிஸ்டன் ஒரே குத்தில் சாய்ப்பதாக எழுதினேன். படித்த நண்பர்கள் நம்ப முடியவில்லை என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்களும் ஒப்புக்கொள்ளும்படி அந்தத் தோல்வியை எப்படி அமைப்பது?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லிஸ்டனின் பலத்தில் குறையில்லை, காலக்கணக்குதான் இடிக்கிறது. சிறைத் தண்டனை காரணமாக 1957 முழுக்க லிஸ்டன் ரிங் பக்கமே வரவில்லை. பட்டத்துக்குப் போட்டியாளர் என்று சொல்லத்தக்க உயரத்துக்கு அவர் வந்தது 1959, 60 வாக்கில். மார்சியானோ பிறந்தது 1923 செப்டம்பர் 1. அப்படியானால் அவருக்கு வயது 36, 37. இரு கைகளையும் விரித்தால் 84 அங்குலம் வரும் லிஸ்டன் ஒரு பக்கம், 68 அங்குலத்தைத் தாண்டாத மார்சியானோ இன்னொரு பக்கம். தோற்பார்தான். ஆனால் அதைச் சாம்பியனின் தோல்வி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வயதான ஒருவர் அடி வாங்கினார் என்றுதான் நினைப்பார்கள். இதே 37 வயதில், 1951 அக்டோபர் 26 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸ் எட்டாவது ரவுண்டில் கயிறுகளுக்கு நடுவே வெளியே போய் விழுந்தார். விழவைத்தவரே மார்சியானோதான். அந்தக் கதையை வரலாறு ஏற்கெனவே எழுதிவிட்டது.

அதனால் எதிராளியைத் தேடுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அவர் ஜெயித்த 49 சண்டைகளை எடுத்துக்கொண்டு, எந்தெந்த ராத்திரியில் தோற்றிருக்க வேண்டியவர் தப்பித்தார் என்று பாருங்கள். 43 நாக்அவுட் என்ற எண் கண்ணை மறைக்கும், அதை மறந்துவிடுங்கள்.

முதலில் 1950 மார்ச் 24, ரோலண்ட் லாஸ்டார்ஸாவுடன் பத்து ரவுண்டு. தீர்ப்பு சொன்ன மூவரில் ஒருவர் லாஸ்டார்ஸா பக்கம், ஒருவர் மார்சியானோ பக்கம். மூன்றாமவர் கணக்கில் ரவுண்டுகள் சரிசமம், கூடுதல் புள்ளிகள்தான் மார்சியானோவைக் காப்பாற்றின. அப்புறம் 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. பட்டத்தை வைத்திருந்த ஜெர்சி ஜோ வால்காட் முதல் ரவுண்டிலேயே இடது ஹூக்கால் (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து) அவரைத் தரையில் உட்காரவைத்தார். மார்சியானோ கீழே விழுந்தது அதுதான் முதல் தடவை. 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று மதிப்பெண் அட்டைகளிலும் அவர் பின்தங்கியிருந்தார். 13-வது ரவுண்டில் வால்காட் கயிற்றில் முதுகை வைத்து வலது கையை ஓங்க, மார்சியானோவின் வலது கை முந்திக்கொண்டது. ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொண்டபடி வால்காட் சரிந்தார். அந்தக் குத்து ஓர் அங்குலம் விலகிப்போயிருந்தால், 42 வெற்றிக்குப் பிறகு முதல் தோல்வி என்று பதிவாகியிருக்கும்.

உங்கள் கதைக்கு இவை இரண்டையும்விட முக்கியமானது 1954 செப்டம்பர் 17. எஸார்ட் சார்ல்ஸுடன் இரண்டாவது சண்டை, யாங்கி ஸ்டேடியம். ஆறாவது ரவுண்டில் மார்சியானோவின் மூக்கு நுனி, நாசித் துவாரத்தின் ஓரமாகப் பிளந்துபோனது. புருவத்தில் வெட்டு விழுந்தால் கட்மேன் (காயத்தைக் கவனிக்கும் உதவியாளர்) அட்ரினலின் தோய்த்த பஞ்சை வைத்து அமுக்கி, மேலே வாசலின் அப்பி, ஒரு நிமிட இடைவேளைக்குள் ஏதாவது செய்து அனுப்பிவிடுவார். மூக்கில் அது நடக்காது. அழுத்திப் பிடித்தால் மூச்சு விட முடியாது, கையை எடுத்தால் ரத்தம் கொட்டும். அவருடைய கார்னரில் இருந்த ஃப்ரெடி பிரவுன் அந்தத் தொழிலில் கில்லாடி, அவராலேயே ஒட்டுப்போடத்தான் முடிந்தது. டாக்டரோ ரெஃப்ரியோ போதும் என்று கை காட்டினால் பட்டம் போய்விடும். அது தெரிந்துதான் மார்சியானோ அவசர அவசரமாக அடித்து எட்டாவது ரவுண்டில் முடித்தார்.

கடைசிச் சண்டையிலும், 1955 செப்டம்பர் 21 அன்று, ஆர்ச்சி மூர் இரண்டாவது ரவுண்டில் அவரைக் கீழே தள்ளினார். ஒன்பதாவதில் மூர் காலி. ஆக, தொழில்முறை வாழ்க்கையில் விழுந்தது மொத்தம் இரண்டே தடவை, இரண்டிலும் எழுந்து எதிராளியை நாக்அவுட் செய்திருக்கிறார். ஒரே குத்தில் அவர் சாய்வதாக எழுதினால் வாசகர் முகம் சுளிப்பது இதனால்தான். அவருடைய தாடை அல்ல பலவீனம். தோல் கிழியும், புள்ளிக்கணக்கில் பின்தங்குவார். இந்த இரண்டு வழியாகத்தான் தோல்வி உள்ளே வர முடியும்.

இப்போது ஆளுக்கு வருவோம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஃபிளாய்ட் பேட்டர்ஸன். மார்சியானோ விலகியதால் காலியான பட்டத்தை 1956 நவம்பர் 30 அன்று மூரை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தி வாங்கியவர், வயது 21. கை வேகத்தில் மார்சியானோ அவர் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் பேட்டர்ஸன் அடிக்கடி விழுந்தவர். 1957 ஆகஸ்ட் மாதம் பீட் ராடமாக்கர் என்ற ஒலிம்பிக் சாம்பியன், தன்னுடைய முதல் தொழில்முறைச் சண்டையிலேயே அவரைக் கீழே தள்ளினார். 1959-ல் இங்கெமார் யோஹான்ஸன் ஒரே ரவுண்டில் ஏழு முறை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். 15 ரவுண்டு மார்சியானோவுக்கு எட்டும் தூரத்தில் நின்று பேட்டர்ஸன் முழுசாக வெளியே வருவார் என்று நான் நம்ப மாட்டேன்.

என் தேர்வு எடி மேச்சன். இன்று அதிகம் பேர் நினைவில் வைத்திருக்காத பெயர், அதுவே உங்களுக்கு வசதி. 1958 செப்டம்பர் வரை தோல்வியே காணாதவர், ஜாப் (முன்னால் இருக்கும் கையால் சட்டென்று நீட்டும் நேர்குத்து) போட்டுவிட்டு நகர்ந்துவிடும் ஆள், பிடிகொடுக்க மாட்டார். 1960-ல் லிஸ்டனோடு 12 ரவுண்டு நின்றார். தோற்றார், ஆனால் லிஸ்டனால் அவரை நாக்அவுட் செய்ய முடியவில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: 1958 செப்டம்பரில் யோஹான்ஸன் முதல் ரவுண்டிலேயே மேச்சனை முடித்துவிட்டார். உங்கள் சண்டை அதற்கு முன்னால் நடக்க வேண்டும், இல்லையென்றால் எவராவது அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

தேதியை 1957 இலையுதிர் காலத்தில் வையுங்கள். மார்சியானோவுக்கு 34. இங்கே சண்டையைவிடச் சண்டைக்கு முந்தைய மாதங்களில் நேரம் செலவழித்து எழுதுங்கள். குட்டைக் கை என்பதால் எதிராளியின் நெஞ்சோடு ஒட்டினால்தான் அவர் குத்து எட்டும். அதற்குக் குனிந்தபடி உள்ளே நுழையும் முறையைப் பயிற்சியாளர் சார்லி கோல்ட்மன் சொல்லிக்கொடுத்தார். அந்த முறைக்கு முதலீடு கால்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து பயிற்சி முகாமில் கிடந்து, மைல் மைலாக ஓடி அதைச் சம்பாதித்தார். ஓய்வு பெற்றபோது குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பதைத்தான் காரணமாகச் சொன்னார். ஆரம்பத்தில் மாதம் ஒரு சண்டை என்று ஓடியவர், 1953 முதல் வருடத்துக்கு இரண்டுதான். உங்கள் கதையில் அது ஒன்றாகட்டும், முகாமுக்கு இரண்டு வாரம் தாமதமாக வரட்டும். அரை அடி தாமதமாக நுழைகிறார், அவ்வளவுதான். அந்த அரை அடியில் மேச்சனின் ஜாப் மூக்கைத் தேடி வந்துகொண்டே இருக்கும்.

ஏழாவது ரவுண்டில் பழைய வெட்டு திறக்கட்டும். ஆனால் அதோடு சண்டையை நிறுத்திவிடாதீர்கள். 1953-ல் நடந்த மறுசண்டையில் முகம் கிடைக்காதபோது லாஸ்டார்ஸாவின் கைகளையே அடித்து ஓய்த்தவர் மார்சியானோ. மேச்சனின் கைகளும் 11, 12 வாக்கில் தாழத் தொடங்க வேண்டும். 14-வதில் மேச்சன் ஒருமுறை விழ வேண்டும். மணி மட்டும் காப்பாற்றட்டும்.

தீர்ப்பில்தான் பலர் சறுக்குவார்கள். அப்போது பட்டச் சண்டை 15 ரவுண்டு, 12 என்று குறையத் தொடங்கியது 1982-க்கு அப்புறம். நியூயார்க்கில் வைத்தால் ரெஃப்ரியும் ஓர் அட்டை போடுவார், கூட இரண்டு நீதிபதிகள். கணக்கு ரவுண்டுகளில்: 8-7, 8-6-1 (கடைசி எண் சமமான ரவுண்டு) என்று வரும். இன்றைய புள்ளிக்கணக்கில், 115-113 பாணியில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். பிரிந்த தீர்ப்பாக இருக்கட்டும், ரெஃப்ரி மார்சியானோவுக்கே கொடுத்திருக்கட்டும்.

இவ்வளவு மெல்லிய தோல்வி போதுமா என்று தோன்றலாம். நீண்ட நாள் தோற்காதவர்கள் பலர் இப்படித்தான் தோற்றார்கள். 48 வெற்றியோடு வந்த லாரி ஹோம்ஸ், மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் இரண்டு நீதிபதிகளின் அட்டையில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். 1985 செப்டம்பர் 21, மார்சியானோவின் கடைசிச் சண்டை நடந்து சரியாக 30 வருடம். ஹூலியோ சீசர் சாவேஸின் முதல் தோல்வி 1994-ல், பிரிந்த தீர்ப்பு. இடுப்புக்குக் கீழே அடித்ததற்காகப் பறிபோன புள்ளிகள் அதில் கணக்கைப் புரட்டிப்போட்டன. டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் மைக் டைசன் நாக்அவுட்டில் விழவில்லையா என்று கேட்பார்கள். விழுந்தார், ஆனால் டக்ளஸ் அங்கே முதல் ரவுண்டிலிருந்து ஜாபால்தான் அந்தச் சண்டையைக் கட்டினார், கடைசிக் குத்து பத்தாவதில்தான் வந்தது.

கதைக்கு நாக்அவுட்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், 1959-க்குப் போங்கள். யோஹான்ஸன் பட்டத்தை வாங்கியதும் மார்சியானோ நிஜமாகவே திரும்பி வர யோசித்தார், ஒரு மாதம் போலப் பயிற்சி செய்துவிட்டுக் கைவிட்டார். அவர் கைவிடவில்லை என்று வைத்துக்கொண்டால், நான்கு வருட இடைவெளி, எதிரே யோஹான்ஸனின் வலது கை. இதை வாசகர் நம்புவார். எனக்கு மேச்சன் கதைதான் பிடிக்கிறது.

ஒப்பந்தத்தில் மறுசண்டை ஷரத்து ஒன்றை வைத்துவிடுங்கள், அந்தக் காலத்தில் அது சகஜம். பிலடெல்பியாவில் 13 ரவுண்டு நின்ற வால்காட் மறுசண்டையில் ஒரு ரவுண்டுகூடத் தாங்கவில்லை. லாஸ்டார்ஸாவையும் சார்ல்ஸையும் இரண்டாம் முறை தீர்ப்புக்கே விடாமல் முடித்தார். தொடரின் அடுத்த பாகத்தில் மேச்சன்மீது பந்தயம் கட்ட நான் தயாரில்லை.