கல்லீரல் இரத்தநாள அறுவைக்குப் பிறகு ஒரே சீரான கவனிப்பு முறை தேவையா?

கோயம்புத்தூரில் போர்ட்டல் சிரையில் (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளம்) ஷண்ட் அறுவை, அதாவது இரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவை, செய்துகொண்டு கோத்தகிரிக்குத் திரும்புபவருக்கு, மருத்துவர் மாறினாலும் மாறாத கவனிப்பு முறை வேண்டுமா என்பது கேள்வி. கட்டாயம் வேண்டும்.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு போர்ட்டல் சிரை வழியாகவே வருகிறது. தையலிட்ட இடத்தில் தொடக்க நாட்களில் உருவாகும் உறைகட்டி வெளியே அறிகுறி காட்டாமலும் இருக்கலாம் என்பதால், டாப்ளர் ஸ்கேன் (நாளங்களில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலியலைப் பரிசோதனை) எந்தெந்த நாளில் எடுக்கப்பட வேண்டும் என்பதைப் பணியிலிருப்பவரின் நினைவுக்கு விடாமல் முன்கூட்டியே எழுதிவைப்பதே முறை.

ஷண்ட் வழியே இரத்தம் கல்லீரலைத் தவிர்த்துச் செல்வதால், அம்மோனியா போன்ற நச்சுப்பொருட்கள் மூளையை எட்டி மயக்கத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும். ஆகவே அம்மோனியாவைக் குறைக்க லாக்டுலோஸ் என்னும் மலமிளக்கி பரிந்துரைக்கப்பட்டிருந்தால், நாளொன்றுக்கு 2 அல்லது 3 முறை மலம் இளகிப் போகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பதும் எச்சரிக்கையே. இதை வீட்டாருக்குச் சொல்லாமல் அனுப்புவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர் மலையில் எளிதாகக் கிடைக்கும் கீரையையும் முட்டைக்கோஸையும் நிறுத்த வேண்டியதில்லை. அவற்றிலுள்ள வைட்டமின் கே மருந்தின் செயலைப் பாதிக்கும் என்பதால், வாரந்தோறும் அளவு மாறாமல் உண்டால் போதும். வலிக்கு ஐபுபுரோஃபென் வேண்டாம்.

மழைக்காலத்தில் மண்சரிவால் மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவதுண்டு. எனவே ஐ.என்.ஆர். பரிசோதனையை (வார்ஃபரின் உட்கொள்பவருக்கு இரத்தம் உறையும் வேகத்தை அளப்பது) மலையிலேயே செய்ய ஏற்பாடு செய்து, இரத்த வாந்தி, கருமலம், காய்ச்சல், வயிறு வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை வெளியேற்றச் சுருக்கத்தில் (டிஸ்சார்ஜ் சம்மரி) தமிழிலேயே எழுதித் தர வேண்டும்.