பேசாத படங்களில் ஒருதலைக் காதல்: வாசகர் கேள்வி-பதில்

கே: வசனமே இல்லாத காலத்தில் காதல் தோல்வியை எப்படிக் காட்டினார்கள்?

ப: அழுத முகத்தைக் காட்டித்தான் என்று நினைப்போம். 1915-ல் சார்லி சாப்ளின் எடுத்த 'தி டிராம்ப்' படத்தின் கடைசிக் காட்சியில் முகமே கிடையாது. திருடர்களை விரட்டும்போது நாடோடியாக வரும் சாப்ளினுக்குக் காலில் குண்டடி. பண்ணைக்காரர் மகள் பார்த்துப் பார்த்துக் கவனிக்கிறாள்; அதைக் காதல் என்று நம்பிவிடுகிறான். அப்போது அவளுடைய காதலன் வந்து நிற்கிறான். ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, மூட்டையோடு கிளம்பி, நமக்கு முதுகைக் காட்டியபடி மண் சாலையில் போகிறான். தோள் தொங்குகிறது, நடை தளர்கிறது. திடீரென உடம்பை உலுக்கி, காலை உதறி, வேகமெடுக்கிறான். ஓரங்களிலிருந்து கருவட்டம் சுருங்கி அவனை மூடுகிறது. தாங்க முடியாததும் தாங்கிக்கொண்டதும் அந்த முதுகிலேயே தெரிந்துவிடும்.

கே: யூடியூபில் சில மௌனப்படங்கள் ஓட்டமும் நடையுமாக இருக்கின்றன. சோகம் ஒட்டவே இல்லையே?

ப: குறை படத்தில் இல்லை, ஓட்டும் வேகத்தில். அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு ஏறக்குறைய 16 முதல் 18 பிரேம், அதாவது தனித்தனிப் படங்கள். அதை 24-ல் ஓட்டினால் 16-ல் எடுத்த 9 நொடிப் பார்வை 6 நொடியில் முடிந்துவிடும். 1000 அடி ரீல் 16 நிமிடம் 40 நொடி ஓட வேண்டியது, 11 நிமிடத்தில் தீரும். பிளேபேக் வேகத்தை 0.75 என்று வையுங்கள். 24 பிரேம் 18 ஆகிவிடும். பின்னணி இசை இழுபடும், ஒலியை நிறுத்திவிடுங்கள். சரிசெய்து வெளியிட்ட பிரதிகளும் உண்டு. அவற்றையும் குறைத்தால் எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல இருக்கும். குறைக்க வேண்டுமா என்று தெரிய, சாதாரணமாக நடந்துபோகும் ஒருவரை முதலில் கவனியுங்கள். அடிதடி, துரத்தல் காட்சிகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிரிப்புக்காகவே கேமராவை மெதுவாகச் சுற்றி, திரையில் வேகம் கூட்டுவது வழக்கம்.

கே: சிரிப்பே கலக்காத ஒருதலைக் காதல் படம் ஒன்று?

ப: ரஷ்ய இயக்குநர் யெவ்கேனி பாவெரின் 'மரணத்துக்குப் பின்', அதுவும் 1915-தான். ரஷ்ய எழுத்தாளர் துர்கேனிவின் கதை. நடிகை ஸோயா காதலைச் சொல்கிறாள். ஆந்திரேய் முகம் கொடுக்கவில்லை. நஞ்சருந்தி அவள் இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்த பிறகுதான் அவனுக்குள் காதல் பிறக்கிறது. வெள்ளுடையில் கோதுமை வயலில் நிற்கிறாள், கனவில்.