ஃபிரான்ஹோஃபர் கண்ணாடிக்காரரா, விஞ்ஞானியா?

சூரிய நிறமாலையின் (ஒளி பிரியும்போது தோன்றும் வண்ணப் பட்டையின்) கருங்கோடுகளுக்குத் தன் பெயரைத் தந்த யோசப் ஃபிரான்ஹோஃபர் அடிப்படையில் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: முதலில் கண்ணாடிக்காரர். விஞ்ஞானம் அந்தப் பட்டறைக்குள்ளிருந்துதான் வந்தது.

1787-இல், இன்றைய ஜெர்மனியிலுள்ள பவேரியாவின் ஷ்ட்ராவ்பிங்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, மியூனிக்கில் கண்ணாடி வேலை பழகப் போனார். 1801-இல் முதலாளியின் வீடு இடிந்து விழுந்தது. இடிபாட்டிலிருந்து உயிரோடு மீண்ட பையனுக்கு நாட்டை ஆண்ட மாக்சிமிலியன் பணம் கொடுத்தார். அதில் புத்தகமும் வாங்கினான், இயந்திரமும் வாங்கினான்.

அப்புறம் பவேரியாவிலேயே பெனடிக்ட்போயர்ன் என்ற ஊரின் கண்ணாடிப் பட்டறை. அந்தக் காலத்துக் கண்ணாடியில் வரிவரியாகக் கீற்றுகள் இருக்கும். சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் ஊற்றினால் நெளியுமே, அப்படி. உருகிய குழம்பைச் சுட்ட களிமண் கோலால் கிளறி அதைப் போக்கும் வித்தை சுவிட்சர்லாந்துக்காரர் கினானுடையது. அவரோடு வேலை செய்து கற்றார்.

சரி, கோடுகள் எதற்கு? லென்ஸ் செய்ய, ஒவ்வொரு நிறத்தையும் கண்ணாடி எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். ஆனால் "மஞ்சள்" எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? 1814-இல், மெல்லிய பிளவு வழியே வந்த சூரிய ஒளியை முப்பட்டகத்தில் விட்டுத் தொலைநோக்கியால் பார்த்தார். வண்ணப் பட்டையில் நூற்றுக்கணக்கான கருங்கோடுகள்! நகராத அந்தக் கோடுகளே அவருக்கு அளவுகோலாயின. அவை ஏன் வருகின்றன என்பதை 1859-இல்தான் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் விளக்கினார்.

டோர்பாட் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) வானாய்வகத்துக்கு ஃபிரான்ஹோஃபர் செய்த, 24 செ.மீ. விட்டமுள்ள லென்ஸ் கொண்ட தொலைநோக்கி 1824-இல் போய்ச் சேர்ந்தது. இரண்டே ஆண்டில், 39 வயதில், காசநோயால் இறந்தார்.