உளவுத்துறையும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசும்: கேள்வி பதில்

கேள்வி: உளவுத்துறை நினைத்தால் ஆட்சியையே ஆட்டிப்படைக்க முடியுமா?

பதில்: சதி, கவிழ்ப்பு என்று போகவே வேண்டாம். ஆட்சியாளரும் மக்களும் எதைப் படிக்கிறார்கள் என்பது கையில் இருந்தாலே போதும். 2002 அக்டோபரில் ஈராக் பற்றி அமெரிக்க உளவு அமைப்புகள் தந்த மதிப்பீட்டைப் பாருங்கள். ஈராக் வாங்கிய அலுமினியக் குழாய்கள் அணு ஆயுதத்துக்குத்தான் என்பதை எரிசக்தித் துறை ஏற்கவில்லை. ரகசியப் பிரதியில் துறையின் பெயரோடு இருந்த அந்த மறுப்பு, மக்களுக்கு வெளியிட்ட பிரதியில் 'சிலர் நம்புகிறார்கள்' என்று சுருங்கிவிட்டது. போருக்குத் துடித்த ஆட்சியாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

கேள்வி: எட்கர் ஹூவர் அதிபர்களை மிரட்டினாராமே?

பதில்: 1924 முதல் 1972 வரை அவர்தான் அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யின் தலைமையில், அதற்குள் எட்டு அதிபர்கள். அரசியல்வாதிகளின் அந்தரங்கம் அவரிடம் தனிக் கோப்புகளாக இருந்தது. கோப்பு இருப்பது தெரிந்தாலே போதும், வாய் திறந்து மிரட்டத் தேவையில்லை. 1976இல்தான் இயக்குநர் பதவிக்குப் பத்தாண்டு வரம்பு வந்தது.

கேள்வி: நாடாளுமன்றக் குழு கண்காணித்தால் சரியாகிவிடாதா?

பதில்: குழு யாருடைய கணினியில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது! அமெரிக்காவின் வெளிநாட்டு உளவு அமைப்பான சிஐஏ கைதிகளைச் சித்திரவதை செய்ததை அந்நாட்டு நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு விசாரித்தபோது, சிஐஏ கொடுத்த இடத்தில், சிஐஏ கொடுத்த கணினிகளில்தான் ஆவணங்களைப் படிக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே கொடுத்த ஆவணங்களில் சில 2010இல் காணாமல் போயின. 2014 மார்ச்சில் குழுத் தலைவர் டயான் ஃபைன்ஸ்டைன், நாங்கள் பயன்படுத்திய கணினிகளுக்குள்ளேயே சிஐஏ தேடியிருக்கிறது என்று செனட்டில் சொன்னார். சிஐஏ இயக்குநர் ஜான் பிரெனன் மறுத்தார். ஜூலையில் சிஐஏ-வின் சொந்தத் தலைமை ஆய்வாளரே ஐந்து ஊழியர்கள் முறைகேடாக நுழைந்ததாக உறுதிசெய்தார். பிரெனன் மன்னிப்புக் கேட்டார். ஒருவர் மீதும் நடவடிக்கை இல்லை. கண்காணிக்க வந்தவர்களையே கண்காணித்திருக்கிறார்கள், எனக்கு இது இன்றும் பொறுக்கவில்லை. அப்புறம் டிசம்பரில் 525 பக்கச் சுருக்கம் வெளியானது. முழு அறிக்கை 6,700 பக்கங்களுக்கு மேல், அதை வெளியிடவில்லை.

கேள்வி: ரகசியம் இல்லாமல் உளவு எப்படி நடக்கும்?

பதில்: நடக்காது, சரி. ஆனால் அமைப்பின் அதிகாரத்தைச் சட்டத்தில் எழுதுவதால் மட்டும் எந்த ரகசியமும் கசிந்துவிடாது. பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5 1909இல் தொடங்கியது; அதற்கான சட்டம் 1989இல், கண்காணிக்கும் எம்பிக்கள் குழு 1994இல். அதற்குப் பிறகும் அமைப்பு இயங்கத்தான் செய்கிறது.

கேள்வி: இந்தியாவில்?

பதில்: உள்நாட்டு உளவைப் பார்க்கும் ஐபி, வெளிநாட்டு உளவைப் பார்க்கும் ரா இரண்டுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டமே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் இவற்றுக்கு விலக்குத் தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல்களை மட்டும் கேட்கலாம். இதில் மனித உரிமை மீறல் என்றால் மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பதில் தர 45 நாள் அவகாசம்.